எம்ஆர்ஐ வரைந்து காட்டும் நரம்புக் கோடுகளை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் கேள்வி சுருக்கமாக இது. அண்ணனுக்கு மூளையின் இடது பக்கத்தில், வலது கையை அசைக்கும் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. அறுவைக்கு முன் எம்ஆர்ஐயிலேயே கூடுதலாக ஒரு ஸ்கேன் எடுத்து, நரம்புப் பாதைகளை நீலம், பச்சை, சிவப்புக் கோடுகளாக வரைந்து காட்டியிருக்கிறார்கள். கட்டியைத் தொடாமல் பாதைகள் ஒதுங்கித்தான் போகின்றன என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம், எத்தனை சதவீதம் சரியாக இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. இந்த வகை ஸ்கேன் தரவிலிருந்து அந்தக் கோடுகளை வரைந்தெடுக்கும் வேலையைப் பல வருடங்கள் செய்திருக்கிறேன். அதனால் கோடு எப்படி வருகிறது, எங்கே தவறுகிறது என்பதை விளக்க முடியும். அண்ணனுக்கு என்ன செய்யலாம் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரே சதவீதமாக இதற்குப் பதில் கிடையாது. அந்தப் படத்திடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு பெரிய பாதையின் நடுப்பகுதி எங்கே ஓடுகிறது என்று கேட்டால் நன்றாகவே பதில் சொல்லும். அந்தப் பாதையின் விளிம்பு எந்த மில்லிமீட்டரில் முடிகிறது என்று கேட்டால் தடுமாறும். இந்த இடத்தில் நரம்பே இல்லைதானே என்று உறுதி கேட்டால், அதற்கு அந்தப் படத்தை மட்டும் நம்பக் கூடாது. உங்கள் கேள்வி இந்த மூன்றாவது வகையில் வருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த ஸ்கேனில் நரம்பிழை எதுவும் நேரடியாகத் தெரிவதில்லை. அளக்கப்படுவது தண்ணீரின் அசைவு. மூளைக்குள் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் இங்குமங்கும் அலைந்துகொண்டிருக்கும். ஸ்கேன் அளக்கும் 50 மில்லிவினாடி நேரத்துக்குள் ஒரு மூலக்கூறு சுமார் 10 மைக்ரோமீட்டர் தூரம் நகரும். சுற்றிலும் தடையில்லாத இடத்தில் எல்லாப் பக்கமும் சமமாக நகரும். நரம்பிழைகள் கட்டுக்கட்டாக ஓடும் வெண்பொருளில் அப்படி நகர முடியாது. இழையின் நீளவாக்கில் சுலபமாகப் போகும், குறுக்கே போனால் இழைகளின் சவ்வும், அவற்றைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையும் மறிக்கும். அதாவது, தண்ணீர் எந்தத் திசையில் தாராளமாக நகர்கிறதோ அந்தத் திசையில் இழைகள் ஓடுகின்றன என்று ஊகிக்கிறோம். மொத்த நுட்பமும் இந்த ஓர் ஊகத்தின் மேல்தான் நிற்கிறது.

காந்தப் புலத்தைக் கொஞ்சம் மாற்றி மாற்றிக் கொடுத்து மூலக்கூறுகளின் இந்த நகர்வை அளக்கலாம் என்பதை 1965-இல் ஸ்டெஸ்கால், டேனர் என்ற இருவர் காட்டினார்கள். 1980-களின் நடுவில் பிரான்ஸைச் சேர்ந்த டெனி லெ பிஹான் அதை மூளைப் படமாக்கினார். 1994-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பீட்டர் பேஸர், ஜேம்ஸ் மட்டியெல்லோ, லெ பிஹான் மூவரும் சேர்ந்து, பல திசைகளில் அளந்த அளவுகளை ஒரே வடிவமாகச் சுருக்கும் வழியைக் கொடுத்தார்கள். அதுதான் டிடிஐ (டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங்). தண்ணீர் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும் இடத்தில் அந்த வடிவம் பந்து மாதிரி இருக்கும். இழைகள் ஒரே திசையில் ஓடும் இடத்தில் வெள்ளரிக்காய் மாதிரி நீண்டிருக்கும். வெள்ளரிக்காய் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அதுதான் இழைகளின் திசை என்று எடுத்துக்கொள்கிறோம்.

அந்த வெள்ளரிக்காய் எவ்வளவு பெரியது என்பதையும் பார்க்க வேண்டும். மருத்துவமனை ஸ்கேனில் ஒரு வாக்ஸல், அதாவது படத்தின் மிகச் சிறிய கனசதுரம், பொதுவாகப் பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் இருக்கும். ஒரு நரம்பிழையின் தடிமன் ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தை வெட்டி நுண்ணோக்கியில் எண்ணியவர்கள், ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறைய 3.7 லட்சம் இழைகள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். 2 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு வாக்ஸலின் முகப்பை அப்படியானால் சுமார் 15 லட்சம் இழைகள் கடக்கலாம். அத்தனைக்கும் சேர்த்து நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு வெள்ளரிக்காய்.

அப்புறம் கோடு. மென்பொருளில் ஓர் இடத்தில் ஒரு புள்ளி வைக்கிறோம். அந்த இடத்தின் திசையில் அரை மில்லிமீட்டர் போல ஓர் அடி நகர்கிறது, அங்கே இருக்கும் திசையைப் பார்த்து அடுத்த அடி வைக்கிறது. வடிவம் பந்துபோல உருண்டுவிட்டாலோ, திடீரென்று கூர்மையாகத் திரும்ப நேர்ந்தாலோ நின்றுவிடும். 1999-ஐ ஒட்டிச் சில குழுக்கள் இதைச் செய்துகாட்டின, டிராக்டோகிராஃபி என்ற பெயரும் நிலைத்தது. வண்ணங்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு: சிவப்பு என்றால் இடவலமாக ஓடுவது, பச்சை என்றால் முன்பின்னாக, நீலம் என்றால் மேல்கீழாக. உங்கள் அண்ணன் படத்தில் நீலமாக இறங்குவது, மூளையின் அசைவுப் பகுதியிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் பாதையாக இருக்கும். அந்தக் கோட்டின் தடிமன், பளபளப்பு, எத்தனை கோடுகள் என்ற எண்ணிக்கை எல்லாம் வரைபவர் மென்பொருளில் வைக்கும் அளவுகளால் வருபவை. ஒரு கோடு ஒரு நரம்பு அல்ல.

இப்போது உங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள இடத்துக்கு வருகிறேன்.

அசைவுப் பகுதி, மூளையின் மேற்பரப்பில் நடு உச்சியிலிருந்து காதை நோக்கி ஒரு பட்டைபோல இறங்குகிறது. உச்சிக்குப் பக்கத்தில் கால், அதற்குக் கீழே கை, இன்னும் கீழே முகமும் நாக்கும். காலுக்கான இழைகள் கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக இறங்கும். கைக்கும் முகத்துக்கும் உரியவை பக்கவாட்டிலிருந்து உள்ளே வளைந்து வந்து பிறகு இறங்க வேண்டும். வரும் வழியில், மூளையின் இரு பாதிகளையும் இணைக்க இடவலமாகப் போகும் கார்பஸ் கலோசம் இழைகள் குறுக்கிடும். முன்னிருந்து பின்னாகப் போகும் இன்னொரு பெரிய கட்டும் அதே இடத்தில் குறுக்கிடும். மூன்று திசைகளில் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் போகின்றன. தறியில் பாவும் ஊடும் குறுக்காக ஓடுவதுபோல் இரண்டு திசை என்றாலே சிக்கல், இங்கே மூன்று.

அந்த இடத்தில் வெள்ளரிக்காய் என்ன ஆகும்? மூன்று திசைகளின் சராசரியாக, ஏறக்குறைய பந்தாகிவிடும். மென்பொருள் அங்கே வந்ததும் திசை தெரியாமல் நிற்கும், இல்லையென்றால் அங்கே வலுவாக இருக்கும் கலோசம் இழைகளைப் பிடித்துக்கொண்டு மறுபாதிக்குப் போய்விடும். இதனால்தான் பழைய டிடிஐ முறையில் வரைந்தால் ஆரோக்கியமான ஒருவரின் மூளையிலும் காலுக்கான பாதை அழகாக வரும், கைக்கானது மெலிந்து வரும், முகத்துக்கும் நாக்குக்கும் உரியது பெரும்பாலும் வரவே வராது. அவர் நன்றாகப் பேசிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருப்பார். படத்தில் மட்டும் அந்த நரம்புகள் இருக்காது. நான் முதன்முதலில் ஓர் ஆரோக்கியமான நபரின் தரவை இந்த முறையில் வரைந்தபோது இதைப் பார்த்து, என் கணக்கில்தான் பிழை என்று நினைத்து மூன்று நாள் தேடினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது, முறையின் எல்லையே அதுதான்.

இது மூளையில் எங்கோ ஓரிடத்தில் மட்டும் வரும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். வெண்பொருள் வாக்ஸல்களில் 60 முதல் 90 சதவீதம் வரை ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளில் இழைகள் ஓடுவதாக 2013-இல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. இதைச் சமாளிக்க 2000-களின் தொடக்கத்திலிருந்தே வேறு முறைகள் வந்துவிட்டன. அதிகத் திசைகளில் அளந்து, ஒரே வாக்ஸலுக்குள் இரண்டு மூன்று திசைகளைப் பிரித்தெடுக்கும் முறைகள் அவை. கைக்கான இழைகள் அவற்றில் எவ்வளவோ நன்றாக வருகின்றன. ஆனால் பல மருத்துவமனைகளின் அறுவை வழிகாட்டிக் கருவிகளோடு வரும் மென்பொருள் இன்றும் பழைய டிடிஐயைத்தான் பயன்படுத்துகிறது. அண்ணனுக்கு எந்த முறையில் வரைந்தார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டி கைப் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கும்போது இந்த ஒரு விவரம் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்.

சரி, புதிய முறையில் வரைந்தால் நம்பிவிடலாமா? இதைச் சோதிப்பதற்கு, உண்மையான பாதை எது என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் மனித மூளையில் அதைத் தெரிந்துகொள்ள வழி கிடையாது. அதனால் மூன்று சுற்றுவழிகள்: இறந்தவரின் மூளையை உறையவைத்து இழை இழையாகப் பிரித்துப் பார்ப்பது, குரங்கின் மூளையில் சாயம் செலுத்தி அது இழை வழியே எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது, கணினியில் விடை தெரிந்த ஒரு செயற்கை மூளைத் தரவை உருவாக்கி மென்பொருள்களைச் சோதிப்பது.

கணினிச் சோதனைகளில் பெரியது 2015-இல் நடந்தது, முடிவு 2017-இல் வெளியானது. ஓர் உண்மையான மனிதரின் உயர்தரத் தரவிலிருந்து 25 பெரிய நரம்புக் கட்டுகளைப் பிரித்து எடுத்து, அவை மட்டுமே இருக்கும் ஒரு செயற்கை ஸ்கேனைத் தயாரித்தார்கள். மருத்துவமனை ஸ்கேன் போலவே 2 மில்லிமீட்டர் வாக்ஸல், 32 திசைகள். உலகெங்கும் 20 குழுக்கள் இதை வாங்கித் தங்கள் முறைகளால் வரைந்து 96 விடைகள் அனுப்பின. முடிவைப் பாதி பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கும். இருக்க வேண்டிய கட்டுகளில் ஏறக்குறைய 90 சதவீதத்தைப் பெரும்பாலான முறைகள் ஏதோ ஒரு அளவுக்காவது கண்டுபிடித்துவிட்டன. மறுபாதி கவலை தருவது. கண்டுபிடித்த கட்டுகளின் பருமனில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கைத்தான் கோடுகள் நிரப்பின. அதைவிடப் பெரிய விஷயம், உண்மையான கட்டு ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கில் பொய்யான கட்டுகளும் வந்திருந்தன. மூளையில் இல்லாத பாதைகள் அவை, பார்க்க உண்மையானவை போலவே ஒழுங்காக, அழகாக இருந்தன. அந்தப் பொய்க் கட்டுகளில் பாதி, ஒரு குழுவின் பிழையாக இல்லாமல் பல குழுக்களிலும் திரும்பத் திரும்ப வந்தன. பத்துப் பேர் ஒரே பாதையை வரைந்தால் அது உண்மையாக இருக்கும் என்று நாம் நினைப்போம் அல்லவா? அந்த நம்பிக்கையும் இங்கே உதவவில்லை.

ஏன் எல்லோரும் ஒரே மாதிரி தவறினார்கள்? ஆற்றுப் பாலம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் மூன்று ஊர்ச் சாலைகள் வந்து பாலத்தில் சேர்கின்றன. அந்தக் கரையில் இறங்கியதும் மூன்று சாலைகளாகப் பிரிகின்றன. பாலத்தின் மேல் எல்லா வண்டிகளும் ஒரே திசையில்தான் போகும். பாலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, எந்த ஊர் வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்பது தெரிய வாய்ப்பே இல்லை. உண்மையில் மூன்றே தடங்கள் இருக்கலாம், ஆனால் ஒன்பது விதமாகச் சேர்த்துக் கோடு போட முடியும், ஒன்பதும் நியாயமாகத் தோன்றும். மூளையில் இப்படிப் பல கட்டுகள் நெருங்கி ஒன்றாக ஓடிப் பிரியும் பாலங்கள் நிறைய. அந்தச் சோதனையில் ஒவ்வொரு வாக்ஸலிலும் சரியான திசையையே மென்பொருளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் பொய்க் கட்டுகள் வந்தன. ஆக, ஸ்கேனின் தரத்தைக் கூட்டினால் மட்டும் இந்தப் பிரச்சினை தீராது. ஒவ்வோர் அடியிலும் திசை சரியாக இருந்தும் போய்ச் சேரும் ஊர் தவறாகலாம்.

குரங்கு ஆய்வுகளும் இதையே வேறு வழியில் சொல்கின்றன. 2014-இல் சிபு தாமஸ் குழுவினர், இறந்த மக்காக் குரங்கின் மூளையை கால் மில்லிமீட்டர் வாக்ஸலில் ஸ்கேன் செய்தார்கள். உயிரோடு இருக்கும் மனிதருக்குக் கனவிலும் கிடைக்காத துல்லியம் அது. அதில் வரைந்த பாதைகளைச் சாயம் செலுத்திக் கண்ட பாதைகளோடு ஒப்பிட்டார்கள். உண்மையான இணைப்புகளை அதிகம் பிடித்த முறைகள் பொய் இணைப்புகளையும் அதிகம் கொடுத்தன, பொய்யைக் குறைத்த முறைகள் உண்மையையும் சேர்த்துத் தொலைத்தன. ஓரிடத்துக்குச் சிறப்பாகப் பொருந்திய அளவுகள் இன்னோர் இடத்துக்குப் பொருந்தவில்லை. அடுத்த ஆண்டு அதே வட்டாரத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, மூளையின் மேற்பரப்புக்குச் சற்றே அடியில், பரப்புக்கு இணையாக ஓடும் குட்டை இழைகளின் அடர்த்தியான படலம் இருப்பதைக் காட்டியது. ஆழத்திலிருந்து மேலே ஏறி வரும் கோடு அந்தப் படலத்தில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. பரப்பின் ஏறக்குறைய பாதி இடங்களுக்கு நெடுந்தூரக் கோடுகள் போய்ச் சேரவே முடியவில்லை. பாதை கடைசியில் எந்தப் புள்ளியில் முடிகிறது என்பதை நான் டிராக்டோகிராஃபியிடம் கேட்பதை நிறுத்தியது இதைப் படித்த பிறகுதான்.

வரைபவரின் கையும் இதில் உண்டு. ஒரே தரவை 42 குழுக்களிடம் கொடுத்து, பெயர் தெரிந்த 14 கட்டுகளைப் பிரித்துத் தரச் சொன்ன ஓர் ஆய்வு 2021-இல் வந்தது. பெயர் ஒன்றாக இருந்தும் ஒவ்வொருவர் கொடுத்த வடிவமும் வெகுவாக வேறுபட்டது. கட்டின் எல்லை எது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எங்கே புள்ளி வைப்பது, எந்தக் கோட்டைக் குப்பை என்று அழிப்பது என்பதெல்லாம் மனிதர் எடுக்கும் முடிவுகள். இந்த வேலையைச் செய்தவர் யாரும் இதை மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பின்னிரவில் அலுப்போடு அழித்த கோடுகளும் காலையில் தெளிவோடு அழித்த கோடுகளும் எனக்கே ஒன்றாக இருந்ததில்லை.

இவ்வளவு சொன்னதால் இந்த நுட்பமே வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இதன் மேல் உண்மையான மதிப்பு உண்டு. அதற்கு ஒரு கதை. 1881-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, குரங்கின் மூளைப் பின்பகுதியில் செங்குத்தாக ஓடும் ஒரு நரம்புக் கட்டைக் கண்டு பதிவு செய்தார். அவருக்கு வழிகாட்டியாக இருந்த தியோடர் மெய்னெர்ட், ஒரே பக்க மூளைக்குள் ஓடும் நீண்ட பாதைகள் எல்லாம் முன்பின்னாகத்தான் ஓடும் என்று நம்பியவர். செங்குத்துக் கட்டு அந்தக் கொள்கைக்குள் அடங்கவில்லை. காலப்போக்கில் பெரும்பாலான பாடநூல்களிலிருந்து அந்தக் கட்டு மறைந்தே போனது. நூறாண்டுக்கும் மேல் கழித்து, ஸ்டான்ஃபோர்டில் குழந்தைகளின் வாசிப்புத் திறனை ஆராய்ந்துகொண்டிருந்த ஜேசன் யீட்மேன், ஸ்கேன் தரவில் செங்குத்தாக ஒரு பெரிய கட்டு ஓடுவதைக் கவனித்தார். நூல்களில் தேடினால் பெயரே இல்லை. பழைய நூல்களைத் தோண்டிய பிறகுதான் வெர்னிக்கேயின் படம் கிடைத்தது. 2014-இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையோடு அந்தக் கட்டு மீண்டும் மூளை வரைபடத்துக்குள் வந்தது. உயிருள்ள மனிதரின் தலையைத் திறக்காமல், தண்ணீரின் அசைவை மட்டும் வைத்து, ஒரு நூற்றாண்டுக் குழப்பத்தைத் தெளிவாக்க முடிந்திருக்கிறது. பெரிய, தடித்த கட்டு, பலரிடமும் திரும்பத் திரும்பத் தெரிகிறது, அறுத்துப் பார்த்தாலும் இருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் டிராக்டோகிராஃபி உறுதியாக நிற்கிறது.

அறுவையிலும் பலன் உண்டு. இதற்கு வெறும் கருத்தல்லாமல் நல்ல ஆதாரமே இருக்கிறது. சீனாவின் ஷாங்காயில், அசைவுப் பாதையை ஒட்டிக் கட்டி இருந்த 238 பேரிடம் ஓர் ஆய்வு செய்து 2007-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு டிடிஐ பாதைப் படத்தை வழிகாட்டிக் கருவியில் ஏற்றி அறுவை செய்தார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான எம்ஆர்ஐ வழிகாட்டலோடு செய்தார்கள். அறுவைக்குப் பிறகு கைகால் அசைவு மோசமானவர்கள், பாதைப் படம் இல்லாதவர்களில் 32.8 சதவீதம், இருந்தவர்களில் 15.3 சதவீதம். பாதிக்கும் குறைவு. குறைபாடுள்ள அந்தப் பழைய டிடிஐயை வைத்தே இது நடந்திருக்கிறது. பாதையின் நடுப்பகுதி எங்கே என்று முன்கூட்டியே தெரிவதே அறுவை மருத்துவருக்குப் பெரிய உதவி.

ஆனால் கட்டி உள்ள மூளையில் இன்னும் இரண்டு சிக்கல்கள் கூடுகின்றன. ஒன்று வீக்கம். கட்டியைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும்போது, அந்தத் தண்ணீர் எல்லாப் பக்கமும் தாராளமாக அலையும். வெள்ளரிக்காய் பந்தாகிவிடும், உள்ளே இழைகள் உயிரோடு இருந்தாலும் கோடு அங்கே நின்றுவிடும். வீக்கத்தின் தண்ணீரைக் கணக்கில் தனியாகப் பிரிக்கும் முறைகள் இருக்கின்றன, எல்லா இடத்திலும் பயன்படுத்துவதில்லை. சில வகைக் கட்டிகள் இழைகளை ஒதுக்கித் தள்ளும், சில வகைகள் இழைகளுக்கு ஊடாகவே பரவும். இரண்டாம் வகையில், கட்டிக்குள்ளேயே வேலை செய்யும் இழைகள் இருக்கலாம், படத்தில் அவை வெற்றிடமாகத் தெரியலாம். "பாதை கட்டியைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறது" என்ற வாசகத்தை நான் எச்சரிக்கையோடு படிப்பது இதனால்தான். உண்மையிலேயே ஒதுங்கியும் இருக்கலாம். கட்டிக்குப் பக்கத்தில் கோடு வரையவே முடியாமல் போனதும் அதே மாதிரிதான் தோற்றமளிக்கும்.

இன்னொன்று, மண்டையோட்டைத் திறந்ததும் மூளை அதே இடத்தில் இருப்பதில்லை. உள்ளிருக்கும் திரவம் வடிந்து, புவியீர்ப்பில் மூளை அமிழ்ந்து, கட்டியை எடுக்க எடுக்க இடம் மாறும். சில நேரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் நகரும். முந்தின நாள் எடுத்த படம் அப்போது பழைய ஊருக்கான வரைபடம் ஆகிவிடும். அனுபவமுள்ள அறுவை மருத்துவர்கள் இதை அறிவார்கள். அதனால் அவர்கள் படத்தை மட்டும் நம்பாமல், அறுவையின்போதே ஒரு மெல்லிய கம்பியால் மிகச் சிறிய மின்னோட்டம் கொடுத்துக் கை அசைகிறதா, தசையில் சமிக்ஞை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்கள். சுமார் 1 மில்லிஆம்பியரில் அசைவு வந்தால் பாதை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது அவர்கள் வைத்திருக்கும் தோராயமான கணக்கு. இந்தச் சோதனை நிஜ நரம்பைத் தொட்டுக் கேட்பது. டிராக்டோகிராஃபியோடு இதுவும் சேரும்போதுதான் எனக்கு முழு நம்பிக்கை வரும்.

அறிக்கையில் எண்கள் ஏதாவது எழுதியிருந்தால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஃப்ஏ என்று 0-விலிருந்து 1 வரை ஓர் அளவு இருக்கும். வடிவம் எவ்வளவு வெள்ளரிக்காய், எவ்வளவு பந்து என்பதைச் சொல்வது அது. 'நரம்பின் ஆரோக்கியம்' என்று அதை மொழிபெயர்ப்பது தவறு. இழைகள் குறுக்கிடும் இடத்தில் நல்ல மூளையிலும் அது குறைவாகத்தான் இருக்கும். கோடுகளின் எண்ணிக்கையும் நரம்புகளின் எண்ணிக்கை இல்லை. நூற்றுக்கணக்கானவர்களைச் சராசரியாக்கி ஒப்பிடும் ஆய்வில் இந்த எண்களுக்குப் பொருள் உண்டு. தனி ஒருவரின் எண்ணை வைத்து அவர் குணத்தையோ அறிவையோ வருங்காலத்தையோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொன்று பலர் கவனிக்காதது: தண்ணீர் அசைவுக்கு முன்பின் கிடையாது. செய்தி மூளையிலிருந்து கைக்குப் போகிறதா, கையிலிருந்து மூளைக்கு வருகிறதா என்பதை இந்த ஸ்கேன் பிரித்துச் சொல்லாது.

கருவிகள் முன்னேறிக்கொண்டிருக்கின்றன. தண்ணீரின் அசைவை அளக்க மாற்றி மாற்றிக் கொடுக்கும் காந்தப் புலத்தின் (சாய்வுக் காந்தப் புலம்) வலிமை, சாதாரண மருத்துவமனை ஸ்கேனர்களில் மீட்டருக்கு 40 முதல் 80 மில்லிடெஸ்லா. மூளையின் இணைப்புகளை வரைபடமாக்கும் மனித கனெக்டோம் திட்டத்துக்காக பாஸ்டனில் நிறுவிய ஸ்கேனரில் 300, அதன் அடுத்த தலைமுறையில் 500. ஜெர்மனியின் யூலிக்கில் மூளைத் துண்டுகளை முனைவுற்ற ஒளியில் பார்த்து, ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் அளவில் இழைத் திசைகளைப் பதிவு செய்கிறார்கள். சென்னையில் ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், மனித மூளைகளை முழுதாக மெல்லிய சீவல்களாக்கி செல் அளவில் படமெடுத்துவருகிறது. 2024 டிசம்பரில் கருவிலிருக்கும் சிசுவின் மூளை வரைபடத்தை 5,132 சீவல்களோடு வெளியிட்டது. இப்படி நுண்ணோக்கியில் கிடைக்கும் விடைத்தாள்கள் பெருகப் பெருக, எம்ஆர்ஐ எங்கே சரி, எங்கே தப்பு என்பதை இடம் இடமாகச் சொல்ல முடியும். எனக்கு மிகவும் எதிர்பார்ப்பு இதன்மேல்தான். ஆனால் உங்கள் அண்ணனின் அறுவைக்கு அது காத்திருக்காது.

அதனால் மருத்துவரைப் பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள். நல்ல மருத்துவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள், பொறுமையாகவே விளக்குவார்கள். பாதையைச் சாதாரண டிடிஐயில் வரைந்தார்களா, குறுக்கிடும் இழைகளைப் பிரிக்கும் முறையில் வரைந்தார்களா? படத்தில் காலுக்கான இழைகள் மட்டும் வந்திருக்கின்றனவா, கைக்கானவையும் வந்திருக்கின்றனவா? கட்டி இல்லாத வலது பக்க மூளையில் அதே முறையில் வரைந்தபோது கைக்கான இழைகள் கிடைத்தனவா? இந்த ஒப்பீடு ரொம்ப உதவும். நல்ல பக்கத்திலும் கிடைக்கவில்லை என்றால், இடது பக்கத்தில் காணோம் என்பதற்கு அர்த்தமே இல்லை. கட்டியைச் சுற்றி வீக்கம் எவ்வளவு, அந்த வீக்கத்துக்குள் கோடு போகிறதா, அதன் வாசலிலேயே நின்றுவிடுகிறதா? பாதைக்கும் கட்டிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விடப்போகிறார்கள்? அறுவையின்போது மின்தூண்டல் சோதனை செய்யும் வசதி அங்கே இருக்கிறதா, அண்ணனுக்கு அதைச் செய்யப்போகிறார்களா?

கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், உங்கள் இடத்தில் இருந்தால் நான் படத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட மாட்டேன்.